போனவர்களுக்குக் கரிக்கோடு

1987 செப்டம்பர் 19, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். தூறல். குடை விரிக்கிற அளவுக்கு இல்லை, விரிக்காமலும் இருக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பரிசோதனை அறை வாசலில் அவர் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. வலது கால் செருப்பைக் காணோம். ஒரு சின்ன மரப்பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் உடம்பு முழுக்க நனைந்திருந்தது. பெட்டி நனையவில்லை. சட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றியிருந்தார்.

"இருபத்து மூணு மரம் சார்," என்றார். "உங்களுக்குப் புடிக்குமேன்னு எண்ணிக்கினு வந்தேன்."

இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் வியாழக்கிழமை சாலை மறியல் ஆரம்பித்திருந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். தியாகதுருகம் பக்கமும் சரி, கள்ளக்குறிச்சி பக்கமும் சரி, ஒரு பஸ் ஓடவில்லை. எங்கள் டாக்டர் விழுப்புரம் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நிலையத்தில் நானும், மருந்து கொடுக்கிறவரும், ஒரு நர்ஸம்மாவும்தான். மூன்றே பேர்.

அவர் நடந்து வந்த தூரம் முப்பத்தோரு கிலோமீட்டர். பெட்டிக்குள் பதினொரு கண்ணாடித் துண்டுகள், நாங்கள் ஸ்லைடு என்போம். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் விரல் நுனி ரத்தம் தடவிக் காய்ந்திருக்கும். கல்வராயன் மலையில் பத்தொன்பதே வீடு உள்ள ஒரு சிற்றூரில் பதினொரு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அது என்ன காய்ச்சல் என்று நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கு முழு மருந்து கிடைக்கும். நான்தான் அங்கே இரத்தப் பரிசோதகர்.

"இப்பவே பாருங்க சார். ரெண்டு பேருக்கு ஆளே தெரியல. பேத்திக்கினு கிடக்குறாங்க."

பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாது.

அவர் மலேரியா ஊழியர். மலைமேல் பதினான்கு ஊர், நானூற்றுப் பன்னிரண்டு வீடு அவர் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அச்சு வைத்துப் போட்ட கட்டங்கள் இருக்கும். அதில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். "வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் விரலில் குத்தி ஸ்லைடு எடுத்து, கையோடு நாலு மாத்திரை கொடுத்துவிட்டு, ஸ்லைடை என்னிடம் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எல்லா ஊழியர்களும் இதைத்தான் செய்தார்கள், அல்லது செய்ததாக எழுதினார்கள்.

அவர் காய்ச்சலைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பார். அவருடைய முதல் கேள்வி எந்த வீட்டிலும் ஒன்றுதான்: "வூட்ல யாரு இல்ல?"

என்னிடமும் கேட்டார். நான் அங்கே மாற்றலாகி வந்த மூன்றாம் நாள் அது. ஸ்லைடு பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "சார் வூட்ல எத்தினி பேருங்க?" என்றார்.

"அஞ்சு."

"இப்ப எத்தினி பேரு இருக்கீங்க?"

"நாலு. தம்பி பம்பாய்ல வேலையா இருக்கான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "அவன் உங்க ஏரியாவே இல்லியே. எதுக்கு எழுதறீங்க?"

"வந்தா சொல்லுங்க சார். போனவங்க சும்மா வர மாட்டாங்க. தட்டு வாங்கியாருவாங்க, ரேடியோ வாங்கியாருவாங்க, கூடவே ஒரு குளிர்காச்சலும் வாங்கியாருவாங்க. தட்டையும் ரேடியோவையும் ஊரே பாக்கும். மூணாவத பாக்கறதுக்குத்தான் நமக்கு சம்பளம்."

தம்பி அந்தப் பொங்கலுக்கு வந்தான். காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் வந்த மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் ஊசியோடு நின்றார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

சுவரில் கையெழுத்துப் போடுவதோடு அவர் நிறுத்தமாட்டார். கட்டத்துக்குக் கீழே கரித்துண்டால் கோடு கிழிப்பார். வீட்டில் எத்தனை பேர் வெளியூர் போயிருக்கிறார்களோ அத்தனை கோடு. அவர்கள் திரும்பி வந்ததும், வந்தவருடைய விரலில் குத்தி ரத்தம் எடுத்த பிறகு, கட்டை விரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டை அழிப்பார். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தம் எடுக்காமல் அழிக்கமாட்டார். இது எந்த உத்தரவிலும் கிடையாது. நான் எல்லா உத்தரவும் படித்தவன். சொன்னேன்.

"பதிவேட்டுல 'வெளியூர்'ன்னு எழுத ஒரு கட்டம் இருக்கு சார், சரிதான்," என்றார். "அது என் பையில இருக்கும். கோடு அவங்க கண்ணு முன்னாடி இருக்கும். ஆளு வந்து எறங்கினதும் வூட்டுக்காரிக்குக் கோடு ஞாபகம் வரும். எனக்கு ஆள் அனுப்புவா."

அந்தப் பத்தொன்பது வீட்டு ஊரில் ஒரு பெண் மட்டும் முதல்தடவை அவரை விடவில்லை. நான் ஆய்வுக்காக அவரோடு மலைக்குப் போயிருந்த ஒரே நாள் அது, அதனால் கண்ணால் பார்த்தேன். கைக்குழந்தை இடுப்பில், துடைப்பம் கையில்.

"யோவ், இன்னாய்யா என் வூட்டு செவுத்துல கரி பூசற? எம் புருசன் இன்னா செத்தா பூட்டான், கோடு கிழிக்கிற?"

"வந்ததும் நானே எச்சி தொட்டு அழிச்சிடுறேம்மா. அதுக்குத்தான் கரி. பெயிண்டுல போட்டா அழியுமா சொல்லு?"

"வரலைன்னா?"

"வராம எங்க போவான், இவ்ளோ அழகா திட்டுற பொண்டாட்டிய வுட்டுட்டு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைப்பத்தைக் கீழே போட்டாள். கோடு அங்கேயே இருந்தது. அந்த ஊர்ச் சுவர்களில் அன்றைக்கு மொத்தம் பதினொரு கோடு. எண்ணினேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது, இப்போதும் முடியாது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு மேஸ்திரி லாரியில் வந்து ஆந்திராப் பக்கம் கால்வாய் வெட்டும் வேலைக்குப் பத்து ஆண்களையும், அவர்களுக்குச் சமைக்க இருபது வயதுப் பெண் ஒருத்தியையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

அவருடைய இந்தக் குணத்தால் எனக்கும் அவருக்கும் ஒரு தடவை நேரடியாகவே தகராறு வந்திருக்கிறது. அது அதற்கு முந்தின வருஷம். கரும்பு வெட்டு நடக்கும் காலத்தில் மலையிலிருந்து பலர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் கரும்புக் கொல்லை ஓரத்திலேயே, சோகை என்கிற காய்ந்த கரும்பு இலையில் குடிசை போட்டுக்கொண்டு கிடப்பார்கள். இவர் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். ஏதோ சொந்த வேலை என்று நினைத்தேன். நாலாம் நாள் இருபத்தாறு ஸ்லைடோடு வந்தார். குடிசை குடிசையாகப் போய்த் தன் மலைக்காரர்களைத் தேடிப் பிடித்துக் குத்தியிருக்கிறார், லீவில்.

"இதை எந்தக் கணக்குல ஏத்தறது?" என்று கேட்டேன். "அது உங்க பிரிவு இல்ல. அங்க ஒரு ஊழியர் இருக்காரு."

"அவரைக் கேட்டேன் சார். அவங்க எங்க ஊர் ஆளுங்க இல்ல, லிஸ்டுல இல்லன்றாரு. நம்ம லிஸ்டுல 'வெளியூர்'னு இருக்கு. ரெண்டு லிஸ்டுலயும் இல்லாத ஆளு எந்த லிஸ்டுல சார் இருப்பான்?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஊர் மாறினா கணக்கும் மாறிடும்."

"ஆளு நம்ம ஆளுதான சார். கரும்புதான் அவங்களுது."

நான் அந்த இருபத்தாறையும் பார்க்க மறுத்துவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரி. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மலை ஊர் எண்களையே போட்டு அடுத்த திங்கட்கிழமை வழக்கமான ஸ்லைடுகளோடு கலந்து கொண்டுவந்தார். அது எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒன்றில் கிருமி இருந்தது, ஆளைக் கொல்லாத வகை. ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது: இந்த ஆள் எண்ணை மாற்றி எழுதுகிறவர்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே வருஷம் வேறொரு பிரிவு ஊழியர், ஊருக்கே போகாமல், ஒரே ஆளின் ரத்தத்தை நாற்பது ஸ்லைடில் தடவி நாற்பது பெயர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதிலும் ஒரே மாதிரி வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். மேலதிகாரி என் முதுகில் தட்டி, "உம்ம கண்ணு கண்ணுய்யா!" என்றார். அந்தத் தட்டு ஒரு வருஷமாக என் முதுகில் இருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்து முதலாவதைப் பார்த்தபோது மணி எட்டரை. மலேரியாக் கிருமியில் எங்கள் பக்கம் இரண்டு வகை. ஒன்று ஆளைக் குலுக்கி எடுக்கும், பெரும்பாலும் உயிரை விட்டுவிடும். இன்னொன்று மூளைக்கு ஏறிக் கொல்லும். மூன்று வருஷத்தில் நான் அங்கே பார்த்த மலேரியா மொத்தம் ஒன்பது. ஒன்பதும் முதல் வகை. இப்போது முதல் ஸ்லைடில் இரண்டாவது வகை. சிவப்பணுவுக்குள் நூல் மாதிரி மெல்லிய மோதிரங்கள், பார்த்த இடமெல்லாம். இரண்டாவது ஸ்லைடிலும் அதே. மூன்றாவதிலும் அதே. லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஸ்லைடுக்கு நூறு இடம் பார்க்க வேண்டும். நூறு நூறாகப் பதினொன்றையும் பார்த்து முடித்தேன். பதினொன்றிலும் அதே மோதிரம். தடவிய விதமும் பதினொன்றிலும் ஒன்றுபோல், அளவெடுத்த மாதிரி இருந்தது.

பதினொன்றுக்குப் பதினொன்று. எந்தக் கணக்கில் இது வரும்? எங்கோ ஒரு நோயாளி கிடைத்திருக்கிறான், அவன் ரத்தத்தையே பதினொன்றிலும் தடவிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் விட்டுவிட்டது. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

பதிவேட்டை எடுத்தேன். செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் கையாலேயே எழுதிய பக்கம். பதினொரு பெயருக்கும் எதிரே 'வெளியூர்'.

அவர் வராந்தாவில் நர்ஸம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"இவங்க பதினொரு பேரும் ஊர்லயே இல்லன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். வந்துட்டாங்க."

"வந்துட்டாங்களா? ரோடெல்லாம் மரம். பஸ்ஸு கிடையாது, லாரி கிடையாது. பதினோரு பேரும் இன்னா பறந்து வந்தாங்களா?"

"இல்ல சார், அவங்க..."

"யாரு ரத்தம்யா இது? ஒரே ஆளு ரத்தத்த பதினொன்னுல தடவிக்கினு வந்து என்னையே ஏமாத்தப் பாக்கறியா நீ?"

என்னைவிட ஏழு வயது மூத்தவர். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரை நீ என்றதில்லை. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"திருப்பி எடுத்தாந்தா நம்புவீங்களா சார்?"

"ஆளுக்கு ஆள் கைரேகை வெச்சி எடுத்தா."

"மருந்து மட்டும் இப்ப குடுத்துடுங்க சார். நாலு மாத்திரை எல்லாருக்கும் முழுங்க வெச்சிட்டேன், அதுக்குக் கேக்கல. ஸ்லைடு அப்புறம் எடுத்தாறேன்."

"ரிசல்ட் எழுதாம அந்த மருந்து கையில குடுக்க முடியாது. போலி ஸ்லைடுக்கு நான் ரிசல்ட் எழுத மாட்டேன்."

மருந்து இருந்தது. அலமாரி சாவி மருந்து கொடுக்கிறவரிடம் இருந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் இல்லை. அவர் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார். மணி பதினொன்றே கால்.

நான் பதினொரு ஸ்லைடையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறியலில் புதுக் கண்ணாடி வந்து சேரவில்லை, கையிருப்பு கம்மி. கழுவி, துடைத்து, திரும்ப அடுக்கிவைத்தேன். சிக்கனமாக இருப்பதாக நினைத்தேன்.

ஞாயிறு, திங்கள் கடந்து செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணி இருபது நிமிடத்துக்கு அவர் வந்தார். தூறல் விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பெட்டியை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு காகிதத்தில் மடித்து, காகிதத்தின்மேல் பெயர் எழுதி, பெயருக்குக் கீழே கரியில் தொட்ட பெருவிரல் ரேகை வைத்திருந்தார். நான் எண்ணினேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"ஒம்பதுதான இருக்கு? ரெண்டு கம்மியா இருக்கே?"

அவர் சுவரில் சாய்ந்தபடி கீழே உட்கார்ந்தார்.

"சமைக்கப் போன அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம காலையிலயே பூட்டுது சார். நான் மேல போய்ச் சேரும்போது எடுத்து முடிச்சிட்டாங்க. இன்னொருத்தன் அன்னிக்கி மத்தியானம், நான் போனதுக்கு அப்பறம்." வீங்கிய காலை நீட்டிக்கொண்டார். "நீங்க ஆளுக்கு ஆள் கேட்டீங்களேன்னு அவனுக்குக் குத்திப் பாத்தேன் சார். ரத்தம் வரல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எல்லாம் எண்ணி வைத்திருக்கிற எனக்கு அந்தச் சில நிமிடங்கள் மட்டும் இல்லை. சாயம் ஏற்றியது நினைவிருக்கிறது. முதல் ஸ்லைடில் மோதிரம். இரண்டாவதில் மோதிரம். மூன்றாவதோடு நிறுத்திவிட்டு எழுந்து, ஒன்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டு, அலமாரியைத் திறக்கச் சொல்லி, மூளைக்கு ஏறும் வகைக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை இருந்ததையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டேன். யாரைக் கொண்டு போகச் சொல்வது? அவர் கால் அந்த லட்சணத்தில் இருந்தது. "நான் போறேன்" என்றேன்.

"ஒரு தடவ வந்ததுல உங்களுக்கு வழி தெரியாது சார்," என்று சொல்லி எழுந்தார்.

நடந்தோம். வழியில் மரங்களை ஏறி இறங்கித் தாண்டினோம். மறியலில் உட்கார்ந்திருந்த பையன்கள் அவரை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

"மலேரியாக்காரரே, இந்த வாட்டி துணைக்கு ஆளா? எங்க வூட்ல எல்லாரும் இருக்காங்க. நீங்க கேக்காதீங்க!" என்று ஒருவன் கத்தினான். முந்தின தடவைகளில் ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை கேட்கவில்லை. அவன் முகம் மாறி, ஓடிவந்து என் பையை வாங்கி, மரத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மரங்கள் இருபத்தாறு. சனிக்கிழமை இருபத்து மூன்று. மூன்று நாளில் மூன்று கூடியிருந்தன.

இருட்டி வெகுநேரம் கழித்து ஒரு பள்ளிக்கூட வராந்தாவை அடைந்து படுத்தோம். அங்கேதான் கேட்டேன், அவர்கள் எப்படித்தான் வந்தார்கள் என்று.

"போன செவ்வாக்கெழம லாரில வந்து எறங்கினாங்க சார். கால்வா வெட்டற எடத்துல அடுத்தடுத்துக் காச்சல். மேஸ்திரி பயந்துபோய் ராவோட ராவா ஏத்தி அனுப்பிட்டான். இங்க மறியலு வியாழக்கெழமதான ஆரம்பிச்சுது."

"அத சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே!"

"எப்படி வந்தாங்கன்னு கேட்டீங்க சார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க."

இரண்டு நாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்தது. எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்த நான் அதை எண்ணவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த ஊரை அடைந்தோம். சுவர்களைப் பார்த்தபடி நடந்தேன். பதினொரு கோடு இருந்த இடங்களில் கட்டை விரல் தேய்த்த கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்களுக்குக் குத்திவிட்டு அவர் அழித்தவை. துடைப்பத்தோடு சண்டை போட்ட பெண்ணின் வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டுச் சுவரில், அழித்த தடத்தின் மேலேயே, புதிதாக ஒரு கோடு. அவர் போடும் கோடு விரல் நீளம்தான் இருக்கும். இது முழங்கை நீளம் இருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில்.

அவர் அவள் முன்னால் தலை குனிந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவருதான் எண்றவரா?" என்றாள்.

அவர் குனிந்த தலையை ஆட்டினார்.

"எண்ணிக்கோ," என்றாள் என்னிடம்.

ஒன்பது பேருக்கும் மருந்து கொடுத்தோம். வியாழக்கிழமை மறியல் முடிந்து பாதை திறந்ததும் ஒரு டிராக்டரில் வைக்கோல் பரப்பி அவர்களைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினோம். ஒன்பதும் பிழைத்தன. அடுத்த மாதம் அதே ஊரில், மலையை விட்டு ஒரு நாளும் இறங்காத நாலு பேருக்கு அதே மோதிரம் வந்தது. அதில் ஒன்று அந்த மடிக் குழந்தை. அவர் ஒரு நாளும் விடாமல் போய்ப் போய்க் குத்திக்கொண்டிருந்ததால் நாலும் முதல் நாளே பிடிபட்டு, நாலும் பிழைத்தன.

நவம்பரில் விசாரணை. வந்த அதிகாரிக்குப் பதிவேடுகள் மட்டும்தான் முன்னால் இருந்தன. பதிவேட்டில் ஒன்பது மலேரியா. செத்த இருவர் பெயருக்கும் எதிரே ஸ்லைடு முடிவு இல்லை, ஆகவே அவர்கள் மலேரியாவில் சாகவில்லை, காய்ச்சலில் செத்தார்கள். ஆனால் ஊழியரின் நோட்டில் 19-ஆம் தேதி பதினொரு ஸ்லைடு ஒப்படைத்ததாக இருந்தது. அதிகாரி என்னிடம் கேட்டார்: "அந்தப் பதினொன்னு எங்க?"

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. வீட்டில் நாலு பேர். நான் சொன்னேன்: "சாயம் ஏத்தும்போது தட்டு கை தவறி விழுந்துடுச்சி சார். பாக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் உடைஞ்சிபோச்சி. அதனாலதான் திரும்ப எடுத்துவரச் சொன்னேன்."

அவர் எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"நான் பதினொன்னு குடுத்தேன் சார்," என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "ஏன் சொல்லல? ஏன் சொல்லலீங்க?"

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "மலைலேருந்து முப்பது பேரு இப்ப குடகுல காப்பித் தோட்டத்துல இருக்காங்க சார். தைக்குள்ள வந்துடுவாங்க. உங்கள வூட்டுக்கு அனுப்பிட்டா அந்த மிஷினை யாரு குனிஞ்சி பாப்பாங்க? புது ஆளு வர்றதுக்கு ஆறு மாசம் ஆவும். இல்லாதவங்க லிஸ்டு ஏற்கெனவே ஜாஸ்தி. உங்களையும் அதுல சேக்க முடியாது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

தை மாதம் முப்பது பேர் வந்தார்கள். முப்பது ஸ்லைடையும் அவர் கொண்டுவந்தார், நான் ஒவ்வொன்றிலும் நூறு இடத்துக்குப் பதில் இருநூறு இடம் பார்த்தேன். எல்லாம் சுத்தம். அதை அவரிடம் சொல்லும் முன்பே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வெளியூரிலிருந்து திரும்பியவர்களின் வருகையைப் பதிவேட்டில் உடனுக்குடன் எழுதாமல், அங்கீகாரம் இல்லாத முறையில் வீட்டுச் சுவர்களில் கரியால் குறித்துவந்தது குற்றம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இரண்டு சாவும் அந்தக் குற்றத்துக்குக் கீழேதான் வந்தன. மலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர், சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்ததோடு சரி.

அவர் பெயரை நான் எங்கேயும் எழுதாததற்குக் காரணம் இதுதான். அந்த அறிக்கையில் என் பொய்க்கு எதிரே அவர் பெயர் ஒரு தடவை எழுதப்பட்டிருக்கிறது, அது போதும். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. மகன் குடும்பம் ஒரு ஊரில், மகள் குடும்பம் ஒரு ஊரில். கொரோனா வந்த வருஷம் மகன் வீட்டில் இருந்தபோது, ஊர் ஊராகப் போன ஆட்கள் சாலையில் நடந்தே திரும்பி வந்ததை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களில் யார் எந்தச் சுவரில் இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லையே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மருமகள் என்ன மாமா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அதே அறிக்கையின் கடைசிப் பத்தி என்னைப் பற்றியது. பரிசோதகரின் கவனக்குறைவால் உடைந்த அரசுச் சொத்துக்கான விலையை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. டிசம்பர் மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். கண்ணாடித் துண்டு ஒன்று நாற்பது காசு. பதினொரு துண்டு. நாலு ரூபாய் நாற்பது காசு.